நாற்பத்தெட்டும் நாற்பத்தாறும்

மனித உடற்கலத்தின் கருவினுள் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். எனினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 48 என்ற எண்ணே பாடநூல்களில் நிலைபெற்றிருந்தது. எண்ணுதல் என்னும் எளிய செயலில் இத்தகைய வழு நெடுங்காலம் நீடித்தது எவ்வாறு என்பது ஆராய்தற்குரியது.

1923 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோபிலஸ் பெயின்ரர் 48 என்ற எண்ணை வெளியிட்டார். விதையிழையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்குவதே அன்றைய முறை. நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து கிடந்தமையால் அவற்றைப் பிரித்தறிதல் அரிதாயிற்று. மிகத் தெளிவான கலங்களில் 46 தென்படுவதாக 1921 இல் அவரே குறிப்பிட்டிருந்தமை கவனிக்கத்தக்கது.

1952 இல் ரி. சி. சூ என்பவர், செறிவு குறைந்த உப்புக்கரைசலில் கலங்கள் நீரை உறிஞ்சி வீங்க, நிறமூர்த்தங்கள் விலகிப் பரவுவதைக் கண்டார். தெளிவான காட்சியைப் பெற்ற அவரும் 48 என்றே அறிவித்தார். சுவீடனில் ஈரற்கலங்களை ஆராய்ந்த குழுவினரோ, 46 ஐ மட்டுமே கண்டு, எஞ்சிய இரண்டும் அகப்படாமையால் ஆய்வையே இடைநிறுத்தினர்!

1955 டிசெம்பரில், யாவாவிற் பிறந்த ஜோ ஹின் சியோ, லுண்ட் நகரில் முளைய நுரையீரற் கலங்களை வளர்த்து, கொல்சிசினாற் கலப்பிரிவை நிறுத்தி, வீங்கிய கலங்களைக் கண்ணாடித் தட்டில் நசுக்கிப் பரப்பினார். எண்ணியபோது 46 கிடைத்தது. அல்பேட் லெவானுடன் சேர்ந்து அவர் 1956 இல் இம்முடிவை வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் போட், ஹமேட்டன் ஆகியோர் விதைக்கலங்களில் 23 சோடிகளைக் கண்டு இதனை உறுதிப்படுத்தினர்.

இத்திருத்தத்தின் பயன் விரைவிலேயே புலனாயிற்று. நிறமூர்த்தங்களைப் படம்பிடித்து, பருமனும் மையப்பாத்தின் அமைவும் நோக்கிச் சோடிசோடியாக அடுக்கும் முறை வளர்ந்தது. 1960 இல் டென்வர் நகரிற் கூடிய அறிஞர் அவற்றுக்குப் பொதுவான இலக்கங்களை வகுத்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே பாரிசில் லெஜூன், கோத்தியே, ரேர்பன் ஆகியோர் டவுண் நோயுடைய சிறாரின் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் உள்ளமையை வெளியிட்டிருந்தனர். இயல்பான தொகை எதுவெனத் தெரியாதிருப்பின், ஒன்று மிகையென எங்ஙனம் கூறவியலும்?

கருவிகளின் குறைபாடு வழுவைத் தோற்றுவித்தது. முன்னோர் கூற்றின்மீது கொண்ட மதிப்பு அதனைக் காத்துவந்தது. பாடநூல் தரும் விடைக்கேற்பத் தம் அவதானிப்பைத் திருத்தியெழுத முனையும் மாணவர், லுண்டில் கைவிடப்பட்ட அவ்வாய்வை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் நன்று.