வாட் கணக்கும் 12 வோல்ட் வரலாறும்

எங்கட கூட்டாளி ஒருத்தன் சேர்த்த காசில வாங்கின கிராபிக்ஸ் கார்டை, கேம் நடுவில கணினி அணையுது எண்டு அரைவிலைக்கு வித்தான். பழுது கார்டில இல்லை. அவனுடைய பவர் சப்ளை '500 வாட்'தான். பிறகென்ன பிரச்சினை?

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். தரத்தைக் கொண்டுவந்தபோது, கணினியின் சுமை பெரும்பாலும் 5, 3.3 வோல்ட் வழிகளில்தான் இருந்தது. கார்டுக்கு மதர்போர்ட் தந்த மின்சாரமே காணும். 2000இல் வந்த வூடூ 5 5500 தனி வயர் கேட்டது. அதே ஆண்டு, பென்டியம் 4உடன் சுமை 12 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. பின்னர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் அளவு வகுத்தது: ஸ்லொட்டில் 75 வாட், 6 பின் வயரில் 75, 8 பின்னில் 150. 2022இன் ஆர்.டி.எக்ஸ். 4090க்கோ 450 வாட் வேணும்.

இந்த மாற்றத்தைப் பல மலிவுப் பெட்டிகள் பின்தொடரவில்லை. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர் எண்டால், பெருக்கிப் பாருங்கோ: 216 வாட். கார்டும் சிபியுவும் அதைத்தான் பங்குபோட வேணும். மிச்ச வாட் பழைய வழிகளுக்கு.

கார்டை விக்க முதல் அந்த ஒரு வரியை வாசியுங்கோ.