ஆஸ்டர்: அவசரகால வானில் ஒரு சிறு விமானம்

விமான வரலாறு என்றவுடன் பெரிய நிலையங்களும் நெடுந்தொலைவு செல்லும் விமானங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பந்திங் வட்டாரத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் ஒரு சிறு விமானத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அதன் பெயர் ஆஸ்டர். உரோமர் தென்திசைக் காற்றுக்கு இட்ட பெயர் அது. நம் மொழியில் தென்றல் என்பதும் அத்திசைக் காற்றே.

அமெரிக்க டெய்லர்கிராஃப்ட் விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டுவதற்கென 1938இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படைக்கு இலக்குகளைக் கண்டறிந்து கூறும் பணியை அதன் விமானங்கள் ஆற்றின. 1946இல் நிறுவனமும் ஆஸ்டர் என்னும் பெயரை ஏற்றது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மீது துணி போர்த்திய உடல், விமானியின் கீழ்நோக்கை மறைக்காத மேலிறக்கை, குறுகிய புல்தரையிலும் ஏறி இறங்கும் திறன், மெதுவான பறத்தல். இவ்வியல்புகளே அதனைக் காட்டுப்போருக்கு உரியதாக்கின.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனின் 656ஆம் படைப்பிரிவு ஆஸ்டர்களைச் செலுத்தியது. காட்டினுள் புதிதாகத் தெரியும் பயிர்நிலம், கூரை, புகை ஆகியவற்றை விமானிகள் குறித்தனர். தரைப்படைக்கு வானொலியில் வழிகாட்டினர். குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்கை அடையாளமிட்டனர். கோலலங்காட் சதுப்புக்காடும் போர்க்களமாயிற்று. கெரில்லாத் தலைவர் லியூ கோன் கிம் 1952இல் அங்கேதான் கொல்லப்பட்டார்.

வானிலிருந்து நடந்த இத்தேடலின் மறுபக்கம் தரையில் நிகழ்ந்தது. கெரில்லாக்களுக்கு உணவு செல்வதைத் தடுக்க, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் வாழ்ந்தோர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. வேலிக்கு வெளியே அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்தது. பால்மரம் வெட்டச் சென்றோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். மேலே பறந்தவருக்குப் புகை ஒரு தடயம். காட்டோரக் குடும்பத்துக்கோ அது அன்றாட அடுப்பு.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. விமானங்கள் பறந்த நாளும் நேரமும் படையின் ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றை அண்ணாந்து பார்த்த தோட்டத் தமிழரின் நினைவுகளோ பெரும்பாலும் பேச்சிலேயே தங்கியுள்ளன. அன்று சிறுவராயிருந்தோர் இன்று முதியோராகிவிட்டனர். ஏட்டில் உள்ளதை மட்டும் வரலாறாகக் கொண்டால், நம் மாணவர் தம் ஊரையும் விமானியின் கண்கொண்டே காண்பர். ஆதலின், முதியோரின் சொற்களை அவர்தம் தமிழிலேயே எழுதிவைக்கும் பணியை நம் பள்ளிகள் இப்போதே தொடங்குதல் வேண்டும்.