குறும்படங்களில் குடும்ப உறவும் சமூக முரணும்

குறும்படம் என்பது ஒரு கதையையோ நிகழ்வையோ முழுநீளத் திரைப்படத்தைவிடக் குறைந்த நேரத்தில் சொல்லி முடிக்கும் திரைப்பட வடிவம். அமெரிக்காவின் ஆஸ்கார் விருது விதிகளின்படி, பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மேற்படாத படம் குறும்படமாகக் கொள்ளப்படுகிறது. பல நாடுகளின் குறும்படங்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள் குடும்பம். போர், இனவெறி, சாதி, வறுமை, நில இழப்பு போன்ற சிக்கல்களை இப்படங்கள் பொதுப்படையாக விளக்குவதில்லை. அவை ஒரு வீட்டுக்குள் நுழையும்போது தந்தைக்கும் மகனுக்கும், தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே என்ன நேர்கிறது என்பதைக் காட்டுகின்றன. இந்த மரபின் வரலாற்றையும், தமிழில் அதன் வளர்ச்சியையும், கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி, வளையமாதேவி பகுதியோடு அதற்குள்ள பொருத்தத்தையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

தொடக்கம்: ஆலை வாசலும் உணவு மேசையும்

திரைப்படம் குறும்படமாகவே பிறந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபேயில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் பத்துப் படங்களைத் திரையிட்டனர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. அவற்றுள் ஒன்று, லியோன் நகரிலிருந்த லூமியர் ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி. இன்னொன்றில் அகுஸ்த் லூமியரும் அவர் மனைவியும் தம் குழந்தைக்கு உணவு ஊட்டுகின்றனர். பிற்காலக் குறும்படங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த வேலையிடமும் வீடும் அன்று தனித்தனிப் படங்களாக ஒரே திரையில் ஓடின.

தமிழகத்தில் இத்தகைய துண்டுப் படங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களில் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே பணியில் இருந்த அவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக் கூடாரம் அடித்துக் காட்சிகள் நடத்தினார். பின்னர் முழுநீளப் படம் வணிக வடிவமாக நிலைபெற்றபோது குறும்படம் திரையரங்கின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. சுதந்திர இந்தியாவில் 1948இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திச் சுருள்களும் ஆவணப்படங்களும் முதன்மைப் படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டப்பட்டன. இந்தியப் பார்வையாளர் பல ஆண்டுகள் திரையரங்கில் கண்ட குறும்படம் பெரும்பாலும் அரசின் குரலில் பேசியது. அணைக்கட்டு, ஆலை, குடும்பக் கட்டுப்பாடு ஆகியவை அதில் இடம்பெற்றன. ஒரு குடும்பம் தன் சொந்தக் குரலில் பேசியது அரிது.

நிலக்கரி நகரில் எழுந்த விழா

குறும்படத்துக்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தது பெருநகரம் ஒன்றன்று. மேற்கு ஜெர்மனியின் ரூர் சமவெளியில், நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் நிறைந்த ஓபர்ஹவுசன் நகரில் 1954இல் குறும்பட விழா தொடங்கப்பட்டது. அந்நகரின் முதியோர் கல்வி நிலையத்தை நடத்திய ஹில்மார் ஹாஃப்மன் அதன் நிறுவனர். ‘அண்டை வீட்டாரை நோக்கிய வழி’ என்ற பொருள்படும் வாசகத்தை விழா தன் முழக்கமாகக் கொண்டது. பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் படங்களை மேற்கு ஜெர்மானியர் காணும் இடமாக அது விளங்கியது. 1962 பிப்ரவரி 28 அன்று 26 இளம் திரைப்படக் கலைஞர்கள் இவ்விழாவில் வெளியிட்ட ஓபர்ஹவுசன் அறிக்கை, புதிய ஜெர்மானிய சினிமாவின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதில் கையொப்பமிட்டவர்களில் அலெக்சாண்டர் குளூகே, எட்கர் ரைட்ஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

மிஷலின் டயர் நிறுவனத்தின் நகரமான பிரான்சின் கிளெர்மோன் ஃபெரானில் 1979இல் தொடங்கிய விழா, இன்று உலகின் மிகப் பெரிய குறும்பட விழாவாக மதிக்கப்படுகிறது. இரு பெரும் குறும்பட விழாக்களும் தொழில் நகரங்களில் வேர்விட்டன.

2005 ஆஸ்கார் பட்டியல்

2005இல் நடந்த 77ஆவது ஆஸ்கார் விழாவின் குறும்படப் பட்டியல் இம்மரபுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போட்டியிட்ட ஐந்து படங்களில் நான்கு குழந்தைகளையோ குடும்பத்தையோ மையமாகக் கொண்டவை.

ஆண்ட்ரியா ஆர்னல்டின் ‘வாஸ்ப்’ (2003) விருதை வென்றது. நான்கு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஓர் ஆங்கிலேயத் தாய், நெடுநாளைக்குப் பின் சந்தித்த நண்பனோடு மதுக்கடைக்குள் செல்வதற்காகப் பிள்ளைகளை வெளியே காத்திருக்கச் செய்கிறாள். பசித்த குழந்தைகளையும் தன் இளமையை விட்டுவிட முடியாத தாயையும் படம் ஒரே பரிவோடு காட்டுகிறது.

நியூசிலாந்தின் டைக்கா வைட்டிட்டி இயக்கிய ‘டூ கார்ஸ், ஒன் நைட்’ படத்திலும் பிள்ளைகள் மதுக்கடைக்கு வெளியேதான் இருக்கின்றனர். பெற்றோர் திரும்பும்வரை இரு கார்களில் காத்திருக்கும் மாவோரி இனக் குழந்தைகளிடையே ஒரு நட்பு அரும்புகிறது.

இந்திய இயக்குநர் அஷ்வின் குமாரின் ‘லிட்டில் டெரரிஸ்ட்’ படத்தில், கிரிக்கெட் பந்தை எடுக்கக் கண்ணிவெடி புதைத்த எல்லையைத் தாண்டி வந்துவிட்ட பாகிஸ்தான் சிறுவனை ராஜஸ்தானில் ஓர் இந்து ஆசிரியர் தன் வீட்டில் மறைத்து வைக்கிறார். வீரர்கள் தேடி வருவதால் சிறுவனின் தலையை மழிக்கின்றனர். அடைக்கலம் தந்த அதே வீட்டில் தீட்டு பற்றிய தயக்கமும் எழுகிறது.

நான்காவது படம் ‘எவ்ரிதிங் இன் திஸ் கன்ட்ரி மஸ்ட்’. காலம் மெக்கானின் சிறுகதையைத் தழுவி கேரி மெக்கெண்ட்ரி இயக்கியது. வட அயர்லாந்தில் வெள்ளத்தில் சிக்கிய உழவுக் குதிரையைப் பிரிட்டிஷ் வீரர்கள் காப்பாற்றுகின்றனர். குதிரைக்குச் சொந்தக்காரரான விவசாயியோ தன் மனைவியையும் மகனையும் அதே படையின் வாகனத்தால் இழந்தவர். வீரர்களுக்கு நன்றி காட்டும் மகளுக்கும் மன்னிக்க முடியாத தந்தைக்கும் நடுவில் ஒரு நாட்டின் பகை நிற்கிறது. காப்பாற்றப்பட்ட குதிரையைத் தந்தையே கொல்கிறார்.

பிற்காலப் படங்கள்

2010களின் இறுதியில் வந்த சில படங்கள் தந்தை என்ற உறவைக் கூர்ந்து நோக்கின. மெரியம் ஜூபரின் ‘பிரதர்ஹுட்’ (2018) துனீசியாவின் ஆட்டிடையர் குடும்பம் ஒன்றைப் பற்றியது. சிரியாவுக்குப் போராடச் சென்ற மூத்த மகன், முகத்திரை அணிந்த மனைவியுடன் வீடு திரும்புகிறான். தந்தையின் ஐயம் மகனைக் காவலர்களிடம் காட்டிக்கொடுப்பதில் முடிகிறது. முழு உண்மையும் அதன் பிறகே அவருக்குத் தெரிகிறது. படத்தில் மகன்களாக நடித்தவர்கள் உண்மையிலேயே உடன்பிறந்தவர்கள்.

கய் நாட்டிவின் ‘ஸ்கின்’ (2018) 2019இல் ஆஸ்கார் வென்றது. கறுப்பினத்தவர் ஒருவரை அவர் குடும்பத்தின் கண்முன் அடித்து நொறுக்கும் வெள்ளை இனவெறியர், தன் சிறு மகனுக்குத் துப்பாக்கி சுடவும் கற்றுத் தருகிறார். பழிவாங்கும் கும்பல் அவர் உடல் முழுவதும் கறுப்பு மை குத்தி அனுப்புகிறது. வீட்டுக்குள் நுழைபவர் தந்தை என்று அறியாத மகன் அவரைச் சுடுகிறான். வெறுப்பு தலைமுறை கடந்து கைமாறுவதைப் படம் 20 நிமிடங்களில் சொல்லிவிடுகிறது.

பாலஸ்தீனப் பின்னணி கொண்ட பிரிட்டிஷ் இயக்குநர் ஃபரா நபுல்சியின் ‘த பிரசன்ட்’ (2020) பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. மணநாள் பரிசாக மனைவிக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்க, யூசுஃப் என்பவர் சிறு மகளுடன் புறப்படுகிறார். மேற்குக் கரையின் சோதனைச் சாவடி அந்த எளிய பயணத்தை அவமானமாக்குகிறது. மகளின் கண்முன் தந்தை சிறுமைப்படுவதே படத்தின் மையம். அதன் ஒரு பகுதி பெத்லகேமின் உண்மையான சோதனைச் சாவடியிலேயே படமாக்கப்பட்டது.

இந்தியாவிலும் தமிழிலும்

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான ‘பிஸ்துல்யா’ (2009), பள்ளிக்குச் செல்ல ஏங்கும் சிறுவனையும் வறுமையால் அவனைத் திருட்டில் இறக்கும் குடும்பத்தையும் காட்டித் தேசிய விருது பெற்றது. இப்படத்தில் தாய் கொடியவளாகக் காட்டப்படவில்லை. பார்தி சமூகத்தின் மீது ஊர் சுமத்திய பழியே அவளை அவ்வாறு நடக்கச் செய்கிறது.

தமிழில் படத்தொகுப்பாளர் பி. லெனின் இயக்கிய ‘நாக் அவுட்’ (1992) குறும்பட இயக்கத்துக்கு வழிகாட்டியது. ஒரு குத்துச்சண்டை வீரரின் வறுமையையும் மரணத்தையும் சொன்ன அப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளைக் ‘கதை நேரம்’ என்ற தலைப்பில் படமாக்கினார். 52 கதைகள் கொண்ட அத்தொடரில் பெரும்பாலும் வீட்டுக்குள் நிகழும் மோதல்களே இடம்பெற்றன. தமிழ்ச் சிறுகதைக்கும் குறும்படத்துக்கும் உள்ள உறவை அது பரவலாக அறிமுகப்படுத்தியது. கடலூரில் ஆசிரியப் பணியாற்றிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவலும் குறும்படமாக வந்தது. கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடிபட்டு, வலி தெரியாதிருக்க வேதிப்பொருளைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டு இறக்கும் மாணவியின் கதை அது.

ப. திருநாவுக்கரசு நடத்திய ‘நிழல்’ இதழ் குறும்படம் பற்றிய எழுத்துக்கு இடம் தந்ததோடு ஊர்களில் பயிற்சி முகாம்களையும் நடத்தியது. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி உள்ளிட்டோரை முழுநீளத் திரைப்படத்துக்குக் கொண்டு சென்றது. அதன்பின் குறும்படம் திரைத்துறையின் நுழைவுச்சீட்டாகவும் பார்க்கப்பட்டது.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான பிரதீபன் ரவீந்திரன் பாரிஸில் எடுத்த ‘ஷேடோஸ் ஆஃப் சைலன்ஸ்’ 2010இல் கான் விழாவின் ‘இயக்குநர்கள் இருவாரம்’ பிரிவில் திரையிடப்பட்டது. புகலிட நாட்டின் அடுக்ககத்தில் மனைவி மக்களோடு இருந்தும் தனித்துப்போன ஒரு மனிதரைப் பற்றிய படம் அது. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் தாயற்ற யானைக் குட்டிகளை வளர்ப்பதைக் காட்டிய கார்த்திகி கோன்சால்வ்ஸின் ‘த எலிபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த அவர்களுடைய குடும்பம் என்ற சொல்லுக்குள் யானைகளும் அடங்குகின்றன.

நெய்வேலியும் வளையமாதேவியும்

ஓபர்ஹவுசனைப் போல் நெய்வேலியும் நிலக்கரியால் உருவான நகரம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கப் பணியை 1957 மே 20 அன்று பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுரங்கத்துக்காகச் சுற்றியிருந்த ஊர்கள் நிலம் கொடுத்தன. மறுபுறம் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியமும் பள்ளிகளும் எழுந்தன. 1998 முதல் நடந்துவரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சியை ஒட்டிச் சிறுகதைப் போட்டியோடு குறும்படப் போட்டியும் நடத்தப்பட்டது. சென்னைக்கு வெளியே குறும்படம் எடுத்தவர்களுக்கு அது ஒரு மேடையாயிற்று.

சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கையகப்படுத்தப்பட்ட ஊர்களில் ஒன்று. 2023 ஜூலை 26 அன்று பரவனாற்றுக்கான மாற்றுக் கால்வாய் வெட்டும் பணி காவல் துறைப் பாதுகாப்புடன் இங்கு தொடங்கியது. கதிர்விடும் பருவத்து நெல்வயல்களில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடைவரை பொறுத்திருக்கலாம் என்றனர் விவசாயிகள். ஜூலை 28 அன்று நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. அழிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

பச்சை வயலில் இயந்திரம் நிற்கும் காட்சி செய்தித் தொலைக்காட்சிகளில் பலமுறை ஒளிபரப்பானது. குறும்படம் தொடங்கும் இடம் அந்தக் காட்சிக்கு அடுத்து வருவது. இழப்பீட்டை அரசாணை ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அது ஆளுக்கு இவ்வளவு என்று பிரிகிறது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்தமும் 2005இன் மத்தியச் சட்டத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தன. கட்டிக்கொடுத்த மகளின் பங்கு, வயலாக இருந்தவரை பேசப்படாமலே போகக்கூடும். அது பணமாக மாறும் நாளில் பேசியாக வேண்டும். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்பது இப்பகுதியின் நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறினாலும், அந்த வேலை எந்தப் பிள்ளைக்கு என்ற கேள்வியை அண்ணன் தம்பிகள்தான் தீர்க்க வேண்டும். சொந்த நிலமில்லாமல் அதே வயலில் நாற்று நட்டவர்களின் வீட்டில் பிரித்துக்கொள்ளப் பணமும் இல்லை.

வடிவத்தின் தகுதி

இக்கேள்விகளை ஒரு செய்தி அறிக்கையோ நீதிமன்றத் தீர்ப்போ எழுப்புவதில்லை. அவை கட்சிகளை வாதி, பிரதிவாதி என்று பிரித்துப் பார்க்கின்றன. மேலே கண்ட படங்களில் ஒரே வீட்டுக்குள் இருவருமே நியாயம் உடையவர்கள். குதிரையைக் கொல்லும் தந்தைக்கும் குதிரை பிழைத்ததில் மகிழும் மகளுக்கும் காரணம் உண்டு. பிள்ளைகளை வெளியே நிறுத்தும் தாயையும் பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளையும் பார்வையாளர் ஒருசேரப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு நாள், ஒரு வீடு, இரண்டு மூன்று மனிதர்கள் என்ற எல்லை குறும்படத்துக்குச் செலவைக் குறைப்பதோடு இந்த நேர்மையையும் தருகிறது. பெரிய நடிகர்களோ அரங்குகளோ தேவைப்படாததால், சிக்கல் நிகழும் ஊரிலேயே அவ்வூர் மக்களைக் கொண்டே படம் எடுக்க முடிகிறது. துனீசிய ஆட்டிடையர் வீடும் பெத்லகேமின் சோதனைச் சாவடியும் திரைக்கு வந்தது இவ்வழியில்தான். வளையமாதேவி போன்ற ஊர்களின் வீடுகளுக்கும் அதே வழி திறந்திருக்கிறது.