நடுக்கவாதமும் ஓசூர் சாலையும்: ஒரு மருத்துவ வரலாறு

அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூர் சாலையில் பெங்களூர் நோக்கிச் சென்றால் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வரும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியில் முதியவர் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கி, உள்ளூர் மருத்துவர் 'நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டால், பல குடும்பங்கள் விடியற்காலைப் பேருந்தில் பயணப்படும் இடம் அதுவே. அந்த நடுக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

நம் நாட்டுப் பழைய மருத்துவம் இதனைக் கம்பவாதம் என்றது. இப்னு ஸீனா (980–1037) தம்முடைய 'அல்கானூன்' நூலில் நடுக்கத்தை 'ரஅஷா' என்று தனியே எடுத்து விளக்கினார். 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளை விவரித்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டவர்களே. பின்னர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார்.

காரணம் விளங்க மேலும் பல்லாண்டுகள் ஆயின. மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிவதால், அசைவுகள் மெதுவாகி உடல் விறைக்கிறது. டோபமைனின் பங்கை 1957இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் வெளிக்கொணர்ந்தார். அதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார். அக்குறையை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்தை 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் பயன்தரும் அளவில் வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டார். இதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1937இல், சென்னையின் ஆய்வாளர்களான தாமோதரனும் ராமசாமியும் நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தனர். இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே உண்ணத் தொடங்கிவிடக் கூடாது. மருந்தோடு அதுவும் சேர்ந்தால் அளவு மிகுந்துவிடும்.

பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. அதன் முதல் இயக்குநர் ஆர். மார்த்தாண்ட வர்மா, பார்க்கின்சன் நோய்க்குத் தமக்கென ஓர் அறுவை முறையை வகுத்த நரம்பியல் அறுவை மருத்துவர். நரம்பியல், மனநலம், உளவியல், பேச்சுப் பயிற்சி, மறுவாழ்வு, சமூகப் பணி ஆகிய துறைகள் அங்கே ஒரே வளாகத்தில் அமைந்தன. இந்நோய்க்கு அதுவே பொருத்தமான ஏற்பாடு. ஏனெனில் பார்க்கின்சன் கையோடு நிற்பதில்லை. குரல் தேய்கிறது, விழுங்குவது சிரமமாகிறது, மலச்சிக்கல், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியன தொடர்கின்றன. முகத்தசைகள் இறுகுவதால், 'அத்தா யாரோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை' என்று பிள்ளைகள் மனம் வருந்துகின்றனர். மாத்திரை எழுதும் மருத்துவர் ஒருவரால் மட்டும் இவை அனைத்தையும் கவனிக்க இயலாது. இதை உணர்ந்து நெதர்லாந்தில் 2004இல் 'பார்க்கின்சன்நெட்' என்ற அமைப்பு, இந்நோயில் பயிற்சி பெற்ற இயன்முறையாளர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் நோயாளியின் ஊருக்கு அருகிலேயே இணைத்தது.

நம் மாவட்டத்திற்கும் இதில் ஓர் இடமுண்டு. வீட்டிற்கே சென்று இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. 2022 சனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. பெங்களூருக்குச் சென்று நோயைக் கண்டறிந்த பின், நாள்தோறும் தேவைப்படும் பயிற்சியை ஊரிலேயே பெற முடியுமா என்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டறிவது நம் பொறுப்பு. தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழும் எல்லைப் பகுதி இது. குரல் பயிற்சி, நோயாளி வீட்டில் பேசும் மொழியில் அமைய வேண்டும் என்பதையும் கேட்டுப் பெறலாம்.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒரு செய்தி. லெவோடோபாவை ஒரு நாளில் பலமுறை, குறித்த நேரத்தில் உண்ண வேண்டும். இறைச்சி, பருப்பு முதலிய புரத உணவோடு சேர்த்து உண்டால் அதன் பலன் குறையக்கூடும். ரமளானில், எவரிடமும் சொல்லாமல் பகல் வேளை மாத்திரைகளை விட்டுவிடும் பெரியவர்கள் உண்டு. திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையைத் திருக்குர்ஆன் (2:185) தெளிவாகவே கூறுகிறது. நீங்காத நோயுடையோருக்கு ஃபித்யா எனும் வழியும் உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இச்சலுகைகளை ஏற்பது ஈமானின் குறைவன்று. ரமளானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கலந்துகொள்வது நன்று.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984இல், 42ஆம் வயதில், இந்நோய் உறுதியானது. 1996இல் அட்லாண்டாவில், நடுங்கும் கையோடு அவர் ஒலிம்பிக் சுடரை ஏற்றியதை உலகமே கண்டது. 2016இல் மறையும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் நோயோடு வாழ்ந்தார். மருத்துவரும் குடும்பமும் அவர் அருகில் இருந்தனர்.

நம் வீட்டில் ஒருவரின் கையெழுத்து சிறுத்துவந்தாலோ, நடையில் ஒரு கை வீசாமல் நின்றாலோ, அதை முதுமை என்றும் கண்ணேறு என்றும் கருதி நாள் கடத்த வேண்டாம். அவருடைய மருந்து வேளைகளைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். கவனிக்கும் பொறுப்பை மருமகள் ஒருவரின் தலையில் மட்டும் சுமத்தாமல், மகன்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். நோயுற்ற ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.