விண்ணுலகக் கட்டிலும் வில் மெத்தையும்

1781ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் பால் மால் தெருவிலிருந்த ஷோம்பர்க் மாளிகையில் ஒரு கட்டில் வாடகைக்கு விடப்பட்டது. ஓர் இரவுக்கு வாடகை 50 பவுன். அன்று ஒரு கூலித் தொழிலாளி ஓராண்டு உழைத்தும் ஈட்ட முடியாத தொகை அது. கட்டிலின் நீளம் 12 அடி, அகலம் 9 அடி. பளபளக்கும் 40 கண்ணாடித் தூண்கள் அதைத் தாங்கி நின்றன. மேலே கண்ணாடிகள் பதித்த விதானம், நறுமணப் புகை, தானே ஒலிக்கும் இசைக் குழல்கள், அடியில் ஏறத்தாழ முக்கால் டன் காந்தங்கள். கட்டிலைச் சாய்க்கவும் முடியும். ‘விண்ணுலகக் கட்டில்’ என்பது அதன் பெயர். பிள்ளையில்லாத தம்பதியர் அதில் ஓர் இரவு கழித்தால் நிச்சயம் மகப்பேறு வாய்க்கும் என்றார் அதன் உரிமையாளர் ஜேம்ஸ் கிரகாம்.

எடின்பரோவில் 1745இல் பிறந்த கிரகாம், அங்கே மருத்துவம் பயின்றவர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினின் மின் ஆராய்ச்சிகளைப் பற்றி அறிந்து, மின்சாரமே உயிர்ச்சக்தி என்ற முடிவுக்கு வந்தார். கண்ணாடித் தூண்களின் இரகசியம் இதுதான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதல்லவா?

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் பாலூட்டிகளின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டறிந்ததே 1827இல்தான். கிரகாமின் காலத்தில் கரு எப்படி உருவாகிறது என்பது எந்த மருத்துவருக்கும் தெரியாது. குழந்தையின்மைக்கு மனைவியையே குற்றம் சாட்டிய உலகில், வழியறியாத தம்பதியர் 50 பவுனை எண்ணி வைத்ததில் வியப்பில்லை. காந்தமும் மின்சாரமும் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. கிரகாம் விரைவிலேயே கடனில் மூழ்கினார், உடைமைகள் பறிபோயின.

எனினும் அந்தக் கட்டிலில் ஒரு பகுதியை மட்டும் அறிவியல் நோக்கோடு பார்க்க வேண்டும். அதுதான் மெத்தை. வைக்கோல், ரோஜா இதழ், லாவண்டர் பூ ஆகியவற்றோடு, ஆண் குதிரைகளின் வால்மயிரையும் அதில் திணித்திருந்தார் கிரகாம். குதிரையின் வீரியம் படுப்பவருக்கும் வரும் என்பது அவர் எண்ணம். வீரியம் வந்திராது. ஆனால் சுருட்டிப் பதப்படுத்திய குதிரைமயிரின் ஒவ்வோர் இழையும் ஒரு சிறு வில். அழுத்தினால் தாழும், விட்டால் எழும். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை சில ஆண்டுகளில் கட்டிதட்டிப் போவதையும், வெயிலில் போட்டு அடிப்பதையும் நினைத்துப் பாருங்கள். பஞ்சு அமுங்கிவிடும், திரும்ப எழாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கணவனும் மனைவியும் மெத்தைக் கடையில் கேட்கக் கூசுகிற கேள்வி அதுவே. உறங்குபவருக்கு மெத்தை அசைவை விழுங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்கக் கூடாது. இதைத் தணிப்பு என்பர். தாம்பத்திய உறவுக்கோ நேர்மாறான பண்பு தேவை. கொடுத்த விசையை மெத்தை உடனே திருப்பித் தர வேண்டும். முழங்காலும் முழங்கையும் புதைந்துவிடக் கூடாது. இது மீட்சி. மெத்தையின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறி என்றே சொல்லலாம்.

முதலில் வந்தது மீட்சி. 1826இல் இங்கிலாந்தின் சாமுவேல் பிராட் கம்பிச் சுருள்வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நோக்கம் வேறு. கப்பலில் படுப்பவர்க்குக் குமட்டல் வராமல் தடுப்பது! பின்னர் வில் மெத்தைகள் வீடுகளுக்கு வந்தன. ஆனால் விற்கள் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒருமூலையில் எழுந்த அதிர்வு மறுமூலை வரை சென்றது. கிரீச்சிடும் ஓசை வேறு. கூட்டுக் குடும்பத்தில் அந்த ஓசை எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல். ஒவ்வொரு வில்லையும் தனித்தனித் துணிப்பையில் இட்டுத் தைத்து, 1900இல் காப்புரிமை பெற்றார். ஒரு வில் அமுங்கினால் அண்டைவில் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் நூற்றுக்கணக்கான பைகளைக் கையால் தைப்பது எளிதா? அமெரிக்காவின் சிம்மன்ஸ் நிறுவனம் அதற்கு இயந்திரம் அமைத்து, 1925இல் அம்மெத்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தண்ணீரையும் மனிதன் விட்டு வைக்கவில்லை. 1832இல் நீல் ஆர்னட் என்ற மருத்துவர், நோயாளிகளின் படுக்கைப் புண்ணைத் தடுக்க நீரின் மேல் ரப்பர் பூசிய துணியை விரித்துப் படுக்கை அமைத்தார். 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஹால் என்ற வடிவமைப்பு மாணவர், முதலில் சோளமாவுக் குழம்பையும் அடுத்து ஜெல்லியையும் நிரப்பி இருக்கை செய்து பார்த்துத் தோற்றார். பிறகு வினைல் பைக்குள் நீரை நிரப்பினார். நீர்மெத்தை காதலருக்கே உரியது என விளம்பரங்கள் முழங்கின. 1987இல் அமெரிக்க மெத்தை விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதுவே.

காதலருக்கு அது உதவியதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், முக்கால் அடி ஆழமுள்ள பையில் சுமார் 690 லிட்டர் நீர் பிடிக்கும். எடை 690 கிலோ. அவ்வளவு நிறையும் அசையத் தொடங்கினால் எளிதில் நிற்காது. இங்கே அழுத்தினால் அங்கே எழும்பும். நீர் தன் தாளத்தில் ஆடுமேயன்றி மனிதரின் தாளத்துக்கு இசையாது. உள்ளே நார் அடுக்குகளை வைத்து அலையை அடக்கினர். வெந்நீர்க் கருவியும் வேண்டியிருந்தது. இல்லையேல் நீர் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். 1990களில் அதன் மோகம் தணிந்தது.

அடுத்த அலை நுரை. 1929இல் டன்லப் நிறுவனத்தினர் ரப்பர்ப் பாலை அடித்து நுரையாக்கி இறுகச் செய்தனர். அது மீட்சி மிக்கது. 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைக்கென சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரையோ இதற்கு எதிர். சூடுபட்டால் இளகும், கையை வைத்து எடுத்தால் கைத்தடம் மெதுவாகவே மறையும். சுவீடன் நாட்டினர் 1991இல் இதை மெத்தையாக்கினர். அசைவை விழுங்குவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் படுத்தவர் குழியில் பதிந்துவிடுவார். புரளவே முயற்சி வேண்டும். வெப்பத்தையும் பிடித்து வைக்கும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் இது சிறிய குறையன்று.

முதுகுவலிக்குக் கட்டாந்தரைபோல் கடினமான மெத்தையே நல்லது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரிடம் 90 நாள் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. மிகக் கடினமானதைவிட நடுத்தரக் கடினமே அவர்களுக்கு நல்ல பயன் தந்தது.

இந்த நடுத்தரம்தான் இருவேறு தேவைகளுக்கும் ஓரளவு பொருந்துகிறது. அடியில் தனித்தனிப் பைகளிலிட்ட விற்கள், மேலே மெல்லிய ரப்பர் நுரை அடுக்கு என்று இன்று கலப்பு மெத்தைகள் வருகின்றன. கடையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை. இருவரும் படுத்து, ஒருவர் புரள மற்றவர் அசைவை உணர்ந்து பார்க்க வேண்டும். உள்ளங்கையை ஊன்றி எடுத்தால் குழி உடனே நிரம்புகிறதா என்றும் பார்க்கலாம். விளிம்பில் உட்கார்ந்தால் சரிகிறதா என்பதும் முக்கியம். கடைக்காரர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கிரகாம் 1794இல் எடின்பரோவில் காலமானார். அவருடைய காந்தங்களும் கண்ணாடித் தூண்களும் போன இடம் தெரியவில்லை. குதிரை வால்மயிரை மட்டும் ஐரோப்பாவின் விலையுயர்ந்த மெத்தைகளில் இன்றும் திணித்து வருகிறார்கள்.