பைத்தான் பதிப்புகளும் தமிழ்ச் சர வடிவமைப்பும்

ஒரு சொல்லையோ எண்ணையோ குறித்த அகலத்தில், குறித்த ஒழுங்கில் அச்சிடும் முறை நிரல்மொழிகளில் சர வடிவமைப்பு எனப்படுகிறது. பைத்தான் மொழியில் இம்முறை பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்துள்ளது. அதில் தமிழ் பட்ட பாட்டைத் 'திருநெல்வேலி' என்ற ஒரு சொல்லைக் கொண்டே அறியலாம்.

மூன்று முறைகள்

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் 1991-இல் வெளியானது. சி மொழியைப் பின்பற்றிய விழுக்காட்டுக் குறி (%) முறையே அதன் பழைய வடிவமைப்பு முறை. 2008-இல் வெளிவந்த 2.6, 3.0 பதிப்புகளில் 'ஃபார்மட்' முறை சேர்ந்தது. 2016 டிசம்பரில் 3.6 பதிப்பு 'எஃப்-சரம்' என்பதைக் கொண்டுவந்தது. பழைய முறை இன்றும் நீக்கப்படவில்லை.

எண்ணிக்கைச் சிக்கல்

முறை நீடித்தாலும் எண்ணும் அலகு மாறியது. பைத்தான் 2-இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் பெறும். திருநெல்வேலியில் 6 எழுத்துகள். ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக அமைவதால் 12 குறியீடுகள். எனவே அச்சொல்லின் நீளம் பைத்தான் 2-இல் 36, பைத்தான் 3-இல் 12.

15 இட அகலத்தில் அச்சிட்டால் முதலாவது இடைவெளியே விடாது. இரண்டாவது 3 இடைவெளி விடும். எழுத்துக் கணக்கில் வேண்டுவதோ 9. 'நெல்லை' என்பதை 3 அலகுகளில் வெட்டினால் பைத்தான் 3-இல் 'நெல' என்று புள்ளி இழந்து நிற்கும். பைத்தான் 2-இல் 'ந' மட்டுமே மிஞ்சும்.

பைத்தான் 2-இல் ஒருங்குறிச் சரத்துக்குள் பைட்டுச் சரத்தை இட்டால், ஆங்கிலப் பெயர்கள் தடையின்றிச் செல்லும். தமிழ்ப் பெயர் வந்ததும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இக்குறை தெரியாமலே போனது.

இணக்க முயற்சிகள்

ஒருங்குறிச் சரத்துக்கு முன் இடப்பட்ட 'யு' குறியை 3.0 நீக்கியது. அதனால் பழைய நிரல்கள் ஓடவில்லை. ஒரே நிரல் இரு பதிப்புகளிலும் ஓடும் பொருட்டு, 2012-இல் வந்த 3.3 பதிப்பில் அக்குறி மீண்டும் ஏற்கப்பட்டது. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் பிறரும் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பு, இரு பதிப்புகளிலும் இயங்குமாறு எழுதப்பட்டது. அது திருநெல்வேலியைத் தி, ரு, நெ, ல், வே, லி என 6 எழுத்துகளாகவே பிரிக்கும்.

2020 சனவரி 1-இல் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. ஆயினும் பைத்தான் 3 எண்ணுவது குறியீடுகளையே. தமிழ்ப் பட்டியல் அச்சிடுவோர் முதலில் எழுத்துகளாகப் பிரித்து எண்ணி, அதன் பிறகே அகலம் குறிக்க வேண்டும்.