காப்பீடின்றி வாகனம் ஓட்டிய வழக்கில் எதிர்வாதம்

இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவை மீறும் குற்றம். 196ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய்.

வழக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாலிசியில் அச்சிட்டிருக்கும் தொடக்க நேரம். காலை 10 மணிக்குப் பிடிபட்டவர் 11 மணிக்கு ஆன்லைனில் எடுத்த பாலிசி அவரைக் காப்பாற்றாது. பாலிசி நடப்பில் இருந்தும் கையில் இல்லாதவரின் நிலை வேறு; அவர் அதை நீதிமன்றத்தில் காட்டி இக்குற்றச்சாட்டை மறுக்கலாம்.

சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்குச் சட்டம் தரும் விலக்கு மிக நியாயமானது: பாலிசி இல்லையென்று அவருக்குத் தெரியாமலும், தெரிந்திருக்கக் காரணம் இல்லாமலும் இருந்தால் அவர்மீது குற்றமில்லை. ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கு அந்த விலக்கு கிடையாது.